பனியில் இறங்கிய கபடிக்காரி

முத்துமீனா அன்றைக்குக் கையைத் தூக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அப்போது அவளுக்கு இருபது வயது. மதுரைப் பக்கம் எழுமலையில் கபடி ஆடிக்கொண்டிருந்தவள் காவலர் தேர்வு எழுதி, ஓட்டத்திலும் நீளம் தாண்டுதலிலும் தேறி, இமயமலை எல்லையைக் காக்கிற படை ஒன்றில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இந்தி இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. டிசம்பர் கடைசியில் ஒரு நாள், காலை அணிவகுப்பு முடிந்ததும் அதிகாரி ஒருவர் முன்னால் வந்து நின்று மூச்சுவிடாமல் எதையோ பேசினார். அதில் அவளுக்கு விளங்கியது "யார் போறீங்க?" என்கிற ஒரே கேள்விதான். பொங்கல் லீவைத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். சுற்றியிருந்த யாரும் கையைத் தூக்கவில்லை. ஊருக்குப் போக இம்புட்டுப் பேருக்குமா கசக்கிறது என்று ஆச்சரியப்பட்டபடி, ஒரு கைக்கு இரண்டு கையாகத் தூக்கினாள்.

அவர் கேட்டது பனிச்சறுக்குப் பயிற்சிக்கு. முந்தின வருடம் போனவர்களில் மூன்று பெண்கள் மாவுக்கட்டோடு திரும்பி வந்திருந்ததால்தான் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இரண்டு கையையும் தூக்கிய பெண்ணை அதிகாரிக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. பெயரை முதல் ஆளாக எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ஊருக்குப் போன் போட்டாள்.

"பொங்கலுக்கு வரலைம்மா. ஒரு பயிற்சிக்குப் போறேன்."

"என்ன பயிற்சிடி?" என்றாள் தங்கப்பொண்ணு.

"கால்ல ரெண்டு நீளப் பலகையை மாட்டிக்கிட்டு பனியில வழுக்கிட்டுப் போகணும்."

"பனியிலயா? மார்கழிப் பனியில எப்பிடிடி வழுக்குறது?"

"அந்தப் பனி இல்லம்மா. இங்க மலை பூராவும் ஐஸ் கொட்டிக் கெடக்கு."

தங்கப்பொண்ணு கொஞ்சம் யோசித்தாள். "வழுக்கி விழுந்துறக் கூடாதுன்னுதான் ஊரே பாத்துப் பாத்து நடக்குது. வழுக்குறதுக்குப் போயி பயிற்சியா? சம்பளத்துல பிடிப்பாங்களா?"

"அதெல்லாம் இல்ல."

"அப்பச் சரி. மண்டையை மட்டும் பாத்துக்க."

தங்கப்பொண்ணு பயந்த சுபாவக்காரி இல்லை. அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகள் இரண்டையும் படிக்க வைத்தவள். இப்போது சொந்தமாக ஒன்றரை ஏக்கரில் வெங்காயமும் பருத்தியும் மாற்றி மாற்றிப் போடுகிறாள். புருஷன் கருப்பு ஒரு சின்ன வேன் வைத்துக்கொண்டு தேங்காயும் காய்கறியும் மதுரைக்கு ஏற்றிப் போகிறவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மகள் கபடி ஆடுகிறாள் என்று உறவுக்காரர்கள் முகம் சுளித்தபோது, அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த போட்டிக்குத் தன் வேனிலேயே அந்தப் பெண்கள் குழு முழுவதையும் சமயநல்லூருக்கு ஏற்றிக்கொண்டு போனார். அதற்கப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பயிற்சி நடந்த இடம் உத்தராகண்டில் ஔலி. முதல் இரண்டு வாரம் முத்துமீனா விழுந்தாள். நின்றபடி விழுந்தாள், நகர்ந்து விழுந்தாள், எழுந்திருக்கப் போய் மறுபடியும் விழுந்தாள். காலணி என்று கொடுத்தது கணுக்காலை அசையவிடாமல் பிடித்துக்கொள்கிற கனத்த பிளாஸ்டிக் பெட்டி. பயிற்சியாளர் கீழே நின்று "ஆகே! ஆகே!" என்று கத்துவார். முன்னால் சாய் என்று அர்த்தம். கண் முன்னே மலை செங்குத்தாக இறங்கும்போது எந்த உடம்பு முன்னால் சாயும்? அது பாட்டுக்குப் பின்வாங்கும். பின்வாங்கிய நொடியில் பலகைகள் ஆளை விட்டுவிட்டு முன்னால் ஓடிவிடும்.

பதினைந்தாம் நாள், பனியில் மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. கபடியில் பாடிப் போகிறவள் பயந்துபோய்ப் பின்னால் சாய்ந்தால் அவ்வளவுதான். காலைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். உடம்பை எதிராளிகள் பக்கம் கொடுத்து, முன்பாதத்தில் நின்று, இடதா வலதா என்று அவர்களுக்குத் தெரியாதபடி ஆட்டம் காட்ட வேண்டும். இங்கே எதிராளி இந்த மலை. எழுந்து பனியைத் தட்டிவிட்டுக்கொண்டு மேலே போனாள். "கபடி கபடி கபடி" என்று மூச்சுக்குள்ளே பாடிக்கொண்டே இறங்கினாள். சரிவின் அடிவரை விழவில்லை. கீழே வந்து எப்படி நிற்பது என்று தெரியாமல் பயிற்சியாளர் மேலேயே மோதி நின்றாள். அவர் பனியில் உட்கார்ந்தபடி சிரித்தார்.

பாடுகிற பழக்கம் அதோடு ஒட்டிக்கொண்டது. இமாச்சல மலைப்பகுதியான லாகூலிலிருந்து வந்த டோல்மா என்ற வீராங்கனை, ஐந்து வயதிலிருந்து பனியில் சறுக்குகிறவள், ஒரு நாள் கேட்டாள்: "நீ என்ன மந்திரம் சொல்ற? எந்தச் சாமிக்கு?" முத்துமீனா விளக்கிச் சொல்லுமளவுக்கு அப்போது இந்தி வராது. "எங்க ஊர்ச் சாமி" என்று சொல்லிவைத்தாள். அடுத்த வாரம் டோல்மாவும் புறப்படும் மேடையில் கண்ணை மூடிக்கொண்டு பக்தியாக "கபடி கபடி" என்று முணுமுணுத்ததைப் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உண்மையை ஒரு வருடம் கழித்துத்தான் சொன்னாள். டோல்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "கபடின்னாலும் பரவாயில்ல, நல்லா வேலை செய்யுது" என்றாள்.

இந்தப் பந்தயம் நேர்கோட்டில் ஓடுவது இல்லை. மலைச்சரிவில் சிவப்பும் நீலமுமாகக் கம்பங்களை நட்டிருப்பார்கள். ஒவ்வொன்றையும் வளைந்து வளைந்து சுற்றி வர வேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் ஆட்டம் முடிந்தது. இரண்டு முறை இறங்கி, இரண்டு நேரத்தையும் கூட்டி, குறைவானவர் ஜெயித்தவர். முத்துமீனா தன் முதல் தேசியப் போட்டியில் மூன்றாவது கம்பத்தோடு விழுந்தாள். மறுவருடம் பதினொன்றாவதாக வந்தாள். அடுத்த வருடம் மூன்றாவது. நாலாவது வருடம், இருபத்து நாலு வயதில், டோல்மாவை அரை நொடியில் முந்திச் சாம்பியன் ஆனாள்.

எழுமலையில் உற்சாகம் கரைபுரண்டது. பேருந்து நிறுத்தத்தில் இருபதடி நீளத்துக்கு பிளக்ஸ் வைத்தார்கள். அதில் பெரிய எழுத்தில் "பணிச்சறுக்கு வீராங்கனை முத்துமீனாவை வருக வருக என வரவேற்கிறோம்" என்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தமிழ் நடத்திய நாகஜோதி டீச்சர் அதன் கீழே நின்று தலையில் அடித்துக்கொண்டார். "ஏப்பா, பனிக்கு ரெண்டு சுழிப்பா! மூணு சுழி போட்டா வேலையில சறுக்கினவன்னு ஆயிரும்!" ஏணி வைத்து ஏறி, வெள்ளைத் தாளில் எழுதி ஒட்டினார்கள். சாயங்காலக் காற்றில் தாள் பறந்துவிட்டது. லீவில் வந்து இறங்கிய சாம்பியனைப் பார்த்து டீக்கடையில், "என்னத்தா, பணியில சறுக்கிட்டியாமே?" என்று கேட்காத ஆளே இல்லை. அந்த பிளக்ஸ் முன்னால் நின்று எடுத்த படத்தை அவளே முகாமில் எல்லோருக்கும் காட்டினாள். விஷயத்தை விளக்கிச் சொன்னதும் மேலதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுத்த வருடமும் அவளே ஜெயித்தாள். நடுவில் ஒருமுறை ஐரோப்பாவில் நடந்த ஒரு போட்டிக்கும் அனுப்பினார்கள். அங்கே பால்குடி மறந்த பிள்ளைகளெல்லாம் அவளைத் தாண்டிச் சறுக்கிக்கொண்டு போயின. நாற்பத்தெட்டுப் பேரில் நாற்பத்தொன்றாவதாக வந்தாள். அன்றைக்கு அப்பாவிடம் போனில், "எனக்குப் பின்னாடி ஏழு பேர் இருந்தாங்கப்பா" என்றாள். "ஏழு பேரா!" என்று கருப்பு வாய்விட்டுச் சொன்னார். அந்த ஏழு பேரையும் அவர் வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இருபத்தாறு வயதில்தான் அடி விழுந்தது. காஷ்மீரில் ஒரு பிப்ரவரி காலை, வெயில் பட்டு இளகி மறுபடியும் இறுகிய பனியில் இடது பலகையின் விளிம்பு மாட்டிக்கொண்டது. பலகை நின்றுவிட்டது, உடம்பு போய்விட்டது. முழங்காலுக்குள் வெண்டைக்காயை ஒடித்த மாதிரி ஒரு சத்தம். டெல்லியில் அறுவைச் சிகிச்சை செய்து, கிழிந்த தசைநாருக்குப் பதில் தொடையிலிருந்தே எடுத்துக் கட்டினார்கள். நடக்கத் தொடங்கியதும், நீண்ட மருத்துவ விடுப்புக் கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள்.

வாரத்தில் மூன்று நாள் எழுமலையிலிருந்து மதுரைக்குப் பஸ். கே.கே. நகரில் பிசியோதெரபி பார்க்கிற பவதாரிணியின் கிளினிக் மாடியில் இருந்தது. பவதாரிணி இவளைவிட நாலைந்து வயது மூத்தவள், சுறுசுறுப்பானவள். முதல் நாள் சீட்டை எழுதியபடியே கேட்டாள்.

"எப்படி அடிபட்டுச்சு?"

"ஸ்கீங்க."

"ஸ்கூட்டியா? எந்த ரோட்ல?"

"ஸ்கூட்டி இல்லங்க, ஸ்கீ. பனியில."

பவதாரிணி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். முத்துமீனா போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். பவதாரிணி அதை நான்கு முறை பார்த்தாள். பிறகு நேர்மையாகச் சொன்னாள்: "பைக்ல விழுந்த கால், படியில விழுந்த கால், சர்க்கரை வந்த கால்னு எல்லாம் பாத்திருக்கேன். இப்படி ஒரு கால் பாத்ததில்ல. படிச்சுட்டு வாரேன். புதன்கிழமை வாங்க."

சொன்ன மாதிரியே படித்துவிட்டு வந்தாள். எந்த வாரம் எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்திருந்தாள். அதே நேரத்துக்கு வருகிற கண்ணுச்சாமி, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், முட்டி மாற்றிக்கொண்டவர். அவருக்கும் இவளுக்கும் காலைத் தூக்கி நிறுத்துவதில் வருகிற நாளெல்லாம் போட்டி. "சாம்பியனு, இன்னைக்கு உன்ன முடிக்கிறேன் பாரு" என்பார். ஆறு வாரம் அவர்தான் ஜெயித்தார்.

கால் தேறி வந்தது. ஆனால் ஒரு நாள் கிளினிக் படியில் இறங்கும்போது முத்துமீனா தன்னைத்தானே கவனித்தாள். கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள். உடம்பு முழுக்கப் பின்னால் சாய்ந்திருந்தது. பன்னிரண்டு படி. மலையில் மணிக்கு எழுபது கிலோமீட்டரில் இறங்கியவள் பன்னிரண்டு படிக்குப் பின்வாங்குகிறாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து உசிலம்பட்டி வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். வலிகூட அவளை அம்புட்டுப் பயமுறுத்தியதில்லை.

வீட்டில் தங்கப்பொண்ணு, "போதும்டி. கப்பு வைக்கப் பீரோவுல எடமில்ல. ஆபீஸ்ல ஒக்காந்து பாக்குற வேலையாக் கேட்டு வாங்கிக்க" என்று ஆரம்பித்திருந்தாள். முத்துமீனாவுக்கும் அது சரிதானோ என்று பட்டது.

வழி சொன்னது தம்பி பீமாராவ். உசிலம்பட்டியில் பைக் மெக்கானிக்காக இருந்தவன். "பனி இல்லேன்னா என்னக்கா, மல்லப்புரம் மலை ரோடு இருக்குல்ல? சக்கரம் வச்ச ஷூ போட்டு இறங்கு." அவள் முதலில் சிரித்தாள். பிறகு பவதாரிணியிடம் கேட்டாள். பவதாரிணி நோட்டைப் புரட்டி, "ஒன்பதாவது மாசம் முடியட்டும். முட்டிக்கும் முழங்கைக்கும் உறை, தலைக்கு ஹெல்மெட். முதல் தடவை நான் நேர்ல பாப்பேன்" என்றாள்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போனார்கள். மலை ரோட்டில் சீராக இறங்குகிற ஒரு முன்னூறு மீட்டரைப் பீமாராவ் தேர்ந்தெடுத்து வைத்திருந்தான். காலி பெயின்ட் டப்பாக்களில் சிமென்ட் கொட்டி, தக்காளிக்கு ஊன்றுகிற குச்சிகளை நிறுத்தி, அவற்றில் சிவப்புத் துணியும் நீலத் துணியும் கட்டியிருந்தான். வண்டி வந்தால் விசில் அடிப்பதற்காகக் கீழ்வளைவில் நின்றுகொண்டான். பவதாரிணி கே.கே. நகரிலிருந்து ஸ்கூட்டரிலேயே வந்து ஓரத்தில் கைகட்டி நின்றாள். முத்துமீனா முதல் தடவை மரக்கட்டை மாதிரி விறைத்துக்கொண்டு இறங்கினாள். இரண்டாம் தடவையும் அப்படியே. "வலது பக்கம் திரும்புறப்ப இடது காலை நம்ப மாட்டேங்குறீங்க. கால் சரியாத்தான் இருக்கு. நீங்கதான் அதுக்கு லீவு குடுத்து வச்சிருக்கீங்க" என்றாள் பவதாரிணி.

இப்படி மூன்று ஞாயிறு போயிற்று. நாலாவது ஞாயிறு தங்கப்பொண்ணு தன் சிவப்புச் சுங்குடிச் சேலையைத் தேடினாள். பிறகு நீலச் சேலையைத் தேடினாள். இரண்டும் எங்கே போயின என்று கருப்பிடமிருந்து கறந்துவிட்டு, அவரையே வேனை எடுக்கச் சொல்லி மல்லப்புரம் ரோட்டுக்குக் கிளம்பினாள். கிழித்த சேலைக்காகவும் இத்தனை வாரம் தன்னிடம் மறைத்ததற்காகவும் மகளை ரோட்டிலேயே வைத்து நாலு வார்த்தை கேட்பது என்று வாயில் தயாராக வைத்திருந்தாள்.

கீழ்வளைவில் இறங்கி நிமிர்ந்தபோது, மேலே முத்துமீனா புறப்பட்டுவிட்டாள். தங்கப்பொண்ணு மகளின் சறுக்கலை அதுவரை போனில், விரல் நீளத்துக்குத்தான் பார்த்திருக்கிறாள். இப்போது முழு ஆளாக, தரையோடு தரையாகச் சாய்ந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அறுத்துக்கொண்டு மகள் வந்துகொண்டிருந்தாள். சேலைக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து ஒரு மினி பஸ் முக்கிக்கொண்டு ஏறி வந்தது. பீமாராவ் விசிலை வாயில் வைப்பதற்குள் தங்கப்பொண்ணு நடுரோட்டில் போய்க் கையை விரித்து நின்றுவிட்டாள்.

"நிப்பாட்டுப்பா! எம்பிள்ள இறங்கி வந்துக்கிட்டிருக்கா!"

டிரைவர் பதறி பிரேக்கை மிதித்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினார். "எங்கருந்துக்கா?"

"மேலருந்து. ஒரு நிமிசம் இரு. இந்தா, வந்துட்டா பாரு."

கடைசிக் குச்சியைச் சுற்றியபோது முத்துமீனா கண்ணில் பட்டது ரோட்டை மறித்து நிற்கிற அம்மாவும் அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு முழு பஸ்ஸும். நின்றாக வேண்டும். யோசிக்க நேரமில்லை. உடம்பு முன்னால் சாய்ந்து, முழுப் பாரத்தையும் இடது காலில் கொடுத்து, ரோட்டைக் கீறிக்கொண்டு திரும்பி நின்றாள். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் கைதட்டினார்கள். முத்துமீனா குனிந்து இடது முழங்காலைப் பார்த்தாள். அது பேசாமல் இருந்தது.

"இம்புட்டு வேகமா வருவியாடி நீ?" என்றாள் தங்கப்பொண்ணு.

"பனியில இதுமாதிரி ரெண்டு மடங்கும்மா."

அடுத்த ஞாயிற்றிலிருந்து கீழ்வளைவுக் காவல் தங்கப்பொண்ணுடையது. பால் வண்டி, ஆட்டுக்கிடை, கல்யாண வேன், எல்லாம் அவள் கையை இறக்கிய பிறகுதான் நகரும். போலீஸ் ஸ்டேஷனிலும் போய் அவளே பேசி, ஞாயிறு காலை ஒரு மணி நேரத்துக்கு வாய்வழி அனுமதி வாங்கி வந்தாள்.

ஆனாலும் அந்தக் குளிர்காலம் முத்துமீனாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பனியில் மறுபடி நின்று பழகவே சரியாக இருந்தது, ஒன்பதாவதாக வந்தாள். அதற்கடுத்த வருடம், இருபத்தெட்டு வயதில், ஔலியில் முதல் இறக்கத்தில் ஐந்தாவதாக இருந்தாள். இரண்டாம் இறக்கத்துக்கு மேடையில் நின்றபோது கீழே பாதை பளபளவென்று இறுகிக் கிடந்தது. காஷ்மீரில் விழுந்தபோது இருந்த அதே மாதிரிப் பனி. மூச்சை இழுத்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள். எட்டாவது கம்பத்தில் இடது பலகை ஒருமுறை தட்டி உதறியது. பின்வாங்கச் சொல்லி உடம்பு கெஞ்சியது. அவள் இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள். பலகை பிடித்துக்கொண்டது.

கீழே வந்து, நேரம் காட்டுகிற மின்திரையில் எண்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, முதல் இறக்கத்தில் அவளை முந்தியிருந்த நால்வரும் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். கடைசியாக வந்த டோல்மா நொடியில் நூற்றில் பதினான்கு பங்கு பின்தங்கியிருந்தாள். எண்ணைப் பார்த்த டோல்மா பலகைகளைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடி வந்து முத்துமீனாவை அப்படியே தூக்கினாள். "உன் கபடியை எனக்குக் கத்துக் குடுத்திருக்கவே கூடாது நீ. குடுக்காம இருந்திருந்தா இன்னும் நிறைய வித்தியாசத்துல ஜெயிச்சிருப்ப!" என்றாள்.

அதற்குப் பின் மூன்று குளிர்காலம் ஓடினாள். ஒருமுறை ஜெயித்தாள், ஒருமுறை டோல்மாவிடம் தோற்றாள். கடைசிப் பந்தயத்துக்கு அப்பா அம்மாவையும் தம்பியையும் வரவழைத்திருந்தாள். மதுரையிலிருந்து விமானம், பிறகு ஒரு நாள் முழுக்க ஜீப். கருப்பு வழிநெடுக ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரே வந்த லாரிக்காரர்கள் வளைவில் ஒடிக்கிற அழகைப் பார்த்துக்கொண்டே வந்தார். தங்கப்பொண்ணு டோல்மாவின் கம்பளிக் கோட்டையும் யாருடையதோ ரப்பர் காலணியையும் மாட்டிக்கொண்டு, பந்தயம் முடிகிற இடத்தில் கயிற்றுக்கு வெளியே நின்றாள்.

முத்துமீனா அன்றைக்கு நாலாவதாக வந்தாள். முதலிடத்துக்கு வந்தவள் பத்தொன்பது வயதுப் பெண். கயிற்றைத் தாண்டி வந்த மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் தங்கப்பொண்ணு. "நாலாவதுன்னா நல்ல எடந்தான? ஒனக்குப் பின்னாடி எம்புட்டுப் பேரு?"

"இருபத்தி ரெண்டு."

"கேட்டீகளா?" என்று கருப்பைப் பார்த்தாள்.

அவர் குனிந்து ஒரு கை பனியை அள்ளி, வெயிலில் அது மினுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். டோல்மா ஒரு தட்டில் சூடான மோமோவோடு வந்து எல்லோருக்கும் நீட்டினாள். தங்கப்பொண்ணு ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "கொழுக்கட்டை நல்லாருக்கு, காரம்தான் பத்தல" என்று தமிழிலேயே சொன்னாள். டோல்மா உடனே ஓடிப்போய் மிளகாய்ச் சட்னி கொண்டு வந்தாள்.